ஆன்டெனா மாத்தினா வைஃபை கூடுமா? ஞாயிற்றுக்கிழமை கேள்வி பதில்

மதுரைல பதினாறு வருஷமா வீடு, கடை, கல்யாண மண்டபம்னு நெட்வொர்க் இழுத்துக் கொடுக்கிற ஆளு நான். "வைஃபை ஆன்டெனா பத்தி என்ன சந்தேகம்னாலும் கேளுங்க, ஞாயித்துக்கிழமை உக்காந்து பதில் எழுதுறேன்"னு வாய் விட்டது என் தப்புதான். குவிஞ்சு கிடக்கு. வந்த வரிசைலயே போறேன்.

திருப்பூர்: அண்ணே, ரவுட்டர்ல இருக்கிற 5 டிபிஐ குச்சியைக் கழட்டிட்டு 9 டிபிஐ போட்டா வீடு முழுக்க சிக்னல் கிடைக்குமா? கீழ ரெண்டு ரூம், மேல ரெண்டு ரூம்.

தம்பி, இதைக் கொஞ்சம் விளக்கமாவே சொல்லிடுறேன், பின்னாடி நூறு பேர் இதையேதான் கேக்கப் போறாங்க. டிபிஐன்னா, ஆன்டெனா சிக்னலை ஒரு பக்கமா எவ்வளவு குவிக்குதுங்கிற அளவு.

ஆன்டெனா கரண்ட் குடிக்காது, சிக்னலை உற்பத்தி பண்ணாது. ரவுட்டர் அனுப்புறது பெரும்பாலும் 100 மில்லிவாட் அளவு. அதுதான் உங்க கையில இருக்கிற மாவு. செங்குத்தா நிக்கிற குச்சி அந்த மாவை மெதுவடையா தட்டுது. குச்சி நிக்கிறது ஓட்டைக்குள்ள, சிக்னல் பரவுறது அதைச் சுத்தி. குச்சிக்கு நேர் மேலயும் நேர் கீழயும் ஓட்டைதான், அங்க சிக்னல் ரொம்பக் கம்மி.

9 டிபிஐ வாங்கினா மாவு அதிகமாகாது. அதே மாவை அழுத்தி அகலமா, மெல்லிசா தட்டுறீங்க. வடை அப்பளமாகுது. பக்கவாட்டுல தூரம் போகும், உயரத்துல 15 டிகிரி பக்கம்தான் விரியும். உங்க மேல் ரூம் ரெண்டும் அப்பளத்துக்கு மேல இருக்கு. அங்க சிக்னல் முன்னைவிடக் குறையத்தான் செய்யும்.

கணக்கு வேணும்னா: 5க்கும் 9க்கும் வித்தியாசம் 4 டெசிபல் (சிக்னல் பலத்தை ஒப்பிடுற அலகு). அந்தத் திசைல பலம் ரெண்டரை மடங்கு. திறந்த வெளியில தூரம் ஒண்ணரை மடங்குக்குக் கொஞ்சம் மேல. ஒரு ஒன்பது இஞ்ச் செங்கச் சுவர் வந்தா அந்த 4 காணாமப் போயிடும். மாடி வீட்டுக்கு இருக்கிற குச்சியே போதும். ஒண்ணை நேரா நிறுத்துங்க, இன்னொண்ணைப் படுக்க வைங்க. படுத்த குச்சியோட வடை நிமிந்து நிக்கும், மாடிக்கும் போகும். காசு செலவில்லை.

அதுக்கும் முன்னாடி ரவுட்டரை வீட்டு நடுவுக்குக் கொண்டு வாங்க. ஃபைபர் வந்து நுழையிற ஜன்னல் மூலையிலயே விட்டுட்டா பாதி சிக்னல் தெருவுக்குத்தான்.

நாகர்கோவில்: புது ஆன்டெனா மரை சரியா ஏறுது, இறுக்கமா உக்காருது. ஆனா பழசைவிட சிக்னல் மோசம். ஆன்டெனா போலியா?

போலி இல்லீங்க. கழட்டி வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. ரவுட்டர் பக்கம் வெளி மரை, நடுவுல மெல்லிசா ஒரு ஊசி. ஆன்டெனா பக்கம் உள் மரை, நடுவுல ஓட்டை இருக்கணும். உங்களோடதுல அங்கயும் ஒரு ஊசி நிக்கும் பாருங்க. ஊசியும் ஊசியும் முட்டிக்கிட்டு நிக்குது.

ஆன்டெனா மாட்டுற கனெக்டர்ல ரெண்டு வகை. வைஃபை ரவுட்டர்ல வர்றது ஆர்பி-எஸ்எம்ஏ. 4ஜி சிம் போடுற ரவுட்டருக்கு விக்கிற ஆன்டெனா பெரும்பாலும் சாதா எஸ்எம்ஏ. மரை ரெண்டுக்கும் ஒண்ணு, நடுவுலதான் ஆணும் பெண்ணும் மாறியிருக்கும். கண்ட ஆன்டெனாவையும் ஜனங்க மாட்டிடக் கூடாதுன்னு அமெரிக்காவுல விதி போட்டதால வந்த மாத்தம் இது. இப்போ அந்த மாத்தின கனெக்டரே மூலைக்கடைல கிடைக்குது, அது வேற கதை. பலமா திருகியிருந்தா ரவுட்டர் ஊசி வளைஞ்சிருக்கும், அதையும் பாத்துக்கோங்க. வாங்கும்போது வைஃபை ஓடுற அலைவரிசை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ரெண்டும் போட்டிருக்கான்னு பாருங்க.

விருதுநகர்: ரவுட்டர் பீரோ மேல இருக்கு. உயரமாத்தான் இருக்கு. ஆனாலும் அடுத்த ரூம்ல வரலை.

இரும்பு பீரோ. கதவுல ஆளுயரக் கண்ணாடி வேற, அதுக்குப் பின்னாடி உலோகப் பூச்சு. சிக்னலுக்கு அது பீரோ இல்லை, மதில். இறக்குங்க. மரப் பலகை அடிச்சு வெறும் சுவர்ல மாட்டுங்க. ஆன்டெனா வாங்காதீங்க.

சென்னை: ரிச்சி ஸ்ட்ரீட்ல 10 வாட் வைஃபை பூஸ்டர்னு சொல்லி விக்கிறாங்க. ரவுட்டருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவுல மாட்டணுமாம். வாங்கலாமா?

வேண்டாம். 2005ல வந்த அறிவிப்புப்படி 2.4 கிகாஹெர்ட்ஸ்ல உரிமம் இல்லாம 1 வாட் வரை அனுப்பலாம், ஆன்டெனாவோட சேத்து 4 வாட். 10 வாட்னா சட்டத்துக்கு வெளிய நிக்கிறீங்க. பெட்டில எழுதியிருக்கிறது நிஜமா இருந்தாத்தான் இந்தப் பேச்சே.

அதைவிட முக்கியம், உங்க ஃபோன்ல பூஸ்டர் கிடையாது. திருவிழா ஒலிபெருக்கி மாதிரி ரவுட்டர் பேசுறது எட்டூருக்குக் கேக்கும். நீங்க பதிலுக்குக் கத்துறது மேடைக்குக் கேக்காது. ஃபோன்ல நாலு கோடும் ஜம்முனு நிக்கும், பக்கம் திறக்காது.

திருச்சி, வயர்லெஸ் பிரிவில் ஓய்வு பெற்றவர்: முப்பது வருடம் வயர்லெஸ் செட்டோடு வாழ்ந்தவன் நான். நீங்கள் பூஸ்டருக்குச் சொன்னதுதானே ஆன்டெனாவுக்கும்? ஃபோனின் சக்தி மாறவில்லை. ஆன்டெனா மாற்றினால் ரவுட்டர் பேசுவது கூடலாம், கேட்பது எப்படிக் கூடும்?

சார், வணக்கம். அனுபவத்துல நீங்க பெரியவர், ஆனா இதுல ஒத்துக்க மாட்டேன். பூஸ்டர் வாய். ஆன்டெனா வாயும் காதும். தூரத்துல யாராவது கூப்பிட்டா காதுக்குப் பின்னாடி கையைக் குவிச்சு வைக்கிறோமே, கூப்பிடுறவர் சத்தத்தையா கூட்டுறோம்? எந்தத் திசைல அதிகமா அனுப்புதோ அந்தத் திசைல அதே அளவு அதிகமா வாங்கும். 4 டெசிபல் கூட்டினா போக 4, வர 4.

பொள்ளாச்சி: வீட்டிலிருந்து பம்ப்செட் ரூம் 300 மீட்டர், நடுவுல தென்னந்தோப்பு. கேமரா போடணும். மொட்டை மாடில பெரிய குச்சி ஆன்டெனா நிறுத்தினா எட்டுமா?

குச்சி வேண்டாம்ங்க, நாலு திசைக்கும் எறைக்கிறது வீண். 5 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புற சிபிஇ (வெளிய மாட்டுற வைஃபை பெட்டி) ஒரு ஜோடி வாங்குங்க, ஒண்ணை ஒண்ணு முகம் பாத்து நிக்கணும். ஒரே திசைக்கான பட்டை ஆன்டெனா உள்ளயே இருக்கும்.

பெரும்பாலானவங்க தப்பு பண்றது உயரத்துல. மாடில ஏத்தினா நேரா மட்டைக்குள்ள போய் முட்டும். வெயில்ல வேலை செய்யும், மழை பேஞ்சு ஓலை நனைஞ்சா படுத்துடும். தண்ணிதான் இந்த அலைக்கு எமன். நீங்க மட்டைக்குக் கீழ வாங்க. 25 அடி இடைவெளில நட்ட தோப்புன்னா ரெண்டு வரிசைக்கு நடுவுல சாலை மாதிரி ஒரு சந்து கிடைக்கும். 300 மீட்டருக்கு நடுப்பாதில, நேர்கோட்டைச் சுத்தி எல்லாப் பக்கமும் 2 மீட்டர் காலியா இருக்கணும். கண்ணுக்குத் தெரிஞ்சா மட்டும் போதாது. அந்தச் சந்துல அது தாராளமா கிடைக்கும். ஊடுபயிரா வாழை இருந்தா அதுக்கு மேல ஏத்திக்கோங்க. இடி நேரத்துல ரெண்டு பக்கமும் பிளக்கைப் பிடுங்கிடணும், தென்னைல இடி இறங்குறது உங்களுக்கு நான் சொல்லணுமா?

திருச்சி, மீண்டும்: கை குவிப்பது நல்ல உவமை. உவமை நிரூபணம் ஆகாது, தம்பி. இரைச்சலையும் சேர்த்துத்தானே அந்தக் கை வாங்கும்?

பாதி நியாயம் சார். இரைச்சல் எல்லாத் திசைலயும் சமமா வந்தா, ஆன்டெனா ஒரு பக்கம் கூட்டி வாங்கி மறுபக்கம் விட்டுடும். மொத்த இரைச்சல் அப்படியே நிக்கும், ஃபோன் குரல் மட்டும் எழும். பக்கத்து வீட்டு ரவுட்டர் அதே திசைல இருந்தா அதுவும் சேந்து எழும், அதுக்கு நீங்க சொல்றதுதான் சரி.

உவமை வேண்டாம்னா சோதனை. ரவுட்டர் செட்டிங் பக்கத்துல, இணைஞ்சிருக்கிற ஃபோன் ஒவ்வொண்ணும் எத்தனை டிபிஎம்ல (சிக்னல் பல அளவு, கழித்தல் எண்ணா வரும், பூஜ்யத்துக்குக் கிட்ட இருந்தா பலம்) கேக்குதுன்னு காட்டும் (சில ரவுட்டர்ல இருக்காது). அது ரவுட்டரோட காது. ஃபோனை ஒரே இடத்துல வைங்க, குச்சியை மட்டும் மாத்துங்க. எண் மாறலைன்னா இந்தத் தொழிலை விட்டுடுறேன்.

சேலம்: 9 டிபிஐ போட்டா மாடில நல்லா வருமா?

முதல் பதில். வடை.

சிங்கப்பூர்: எங்க வீட்டுல ஃபைபர் பாயின்ட் பாம் ஷெல்டருக்குள்ள. ரவுட்டரும் அங்கதான். கதவைச் சாத்தினா வீட்டுல நெட் இல்லை. நீளமான ஆன்டெனா?

கம்பி கட்டின கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. குண்டுக்கே தாங்கணும்னு கட்டினதை 9 டிபிஐ குச்சி என்ன பண்ணும்? ஃபைபர் பெட்டி உள்ளயே இருக்கட்டும். ஒரு லேன் வயரை வெளிய இழுத்து ரவுட்டரை ஹாலுக்குக் கொண்டு வாங்க.

காரைக்குடி, கல்லூரி மாணவர்: சிப்ஸ் டப்பால ஆன்டெனா பண்ற வீடியோ பாத்தேன். நிஜமாவே வேலை செய்யுமா சார்?

அப்பாடா, கேக்க வேண்டிய கேள்வி. டப்பா ஆன்டெனா பொய் இல்லை, சிப்ஸ் டப்பாதான் தப்பு. உருளையான டப்பாக்குள்ள அலை நுழையணும்னா விட்டம் ஒரு அளவுக்குக் குறையக் கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அது 7.3 செ.மீ. சிப்ஸ் டப்பா அந்த எல்லைலயே நொண்டுது, உள்ள இருக்கிறதும் காகிதத்துல ஒட்டின உலோகப் பூச்சுதான். ரொம்ப அகலமும் ஆகாது, 9.4 செ.மீ. தாண்டினா அலை வேற விதமாவும் உள்ள ஆட ஆரம்பிக்கும்.

உள்விட்டம் 9 செ.மீ., நீளம் 15 செ.மீ.க்குக் குறையாத தகர டின் தேடுங்க. ஒரு பக்கம் மூடி, ஒரு பக்கம் திறப்பு. மூடின அடியிலிருந்து 5.1 செ.மீ. அளந்து பக்கவாட்டுல ஓட்டை போடுங்க, என்-டைப் கனெக்டர் பொருத்துங்க. அதுல பத்த வைக்கிற செப்புக் கம்பி டின்னுக்குள்ள 3.1 செ.மீ. நீட்டிக்கிட்டு நிக்கணும், அலை நீளத்துல கால் பங்கு. விட்டம் 8.5 ஆனா அந்த 5.1 வந்து 5.8 ஆயிடும். டின் மாறினா அளவை மாத்தாம அப்படியே ஓட்டை போடுறதாலதான் பாதிப் பேருக்கு வேலை செய்யலை. நானும் முதல் டின்ல அதைத்தான் பண்ணினேன், ஒரு ராத்திரி வீண்.

ரவுட்டருக்கும் டின்னுக்கும் நடுவுல வயர் ஒரு மீட்டருக்குள்ள. மெல்லிசு ஆர்ஜி-58 வயர் மீட்டருக்கு ஒரு டெசிபல் பக்கம் முழுங்கும். பத்து மீட்டர் இழுத்தா டின் சம்பாதிச்சதை வயரே தின்னுடும். இது 2.4க்கு மட்டும், டின் பாக்குற திசைக்கு மட்டும். வீடு நிறைக்க ஆகாது. அடுத்தவன் வைஃபையை நோக்கித் திருப்பாதீங்க.

ஈரோடு: பெரிய ஆன்டெனா போட்டா கைக்குழந்தைக்கு ஆபத்தா?

மொத்த சக்தி அதிகமாகாது, முன்ன சொன்ன அதே மாவு. உடம்பு பத்தினது டாக்டர் கிட்ட கேளுங்கம்மா, நான் வயர் இழுக்கிறவன்.

தேனி: வீட்டுக்குள்ள மொபைல் சிக்னலே இல்லை. எந்த ஆன்டெனா போடணும்?

அது வைஃபை இல்லை. மொபைல் பூஸ்டர் தன்னிச்சையா மாட்டுறது சட்டவிரோதம். ஃபோன்ல வைஃபை காலிங் இருக்கும், ஆன் பண்ணுங்க.

வேலூர்: நெட் கம்பெனி கொடுத்த பெட்டில ஆன்டெனா கழட்ட வரலை. உடைச்சு சால்டர் பண்ணலாமா?

கூடாது, பெட்டி அவங்களோடது. பெட்டி பின்னாடி லேன் ஓட்டை இருக்கும், அதுல இருந்து கேட்-6 வயர் இழுத்து, சிக்னல் இல்லாத ரூம்ல ஒரு அக்சஸ் பாயின்ட் (வயர்ல வர்ற நெட்டை அங்கயே வைஃபையா கொடுக்கிற பெட்டி) வைங்க. பாதிக் கேள்விக்கு விடை இதுதான். வயர் இழுக்கச் சொன்னா வீட்டுல பெயின்ட் போயிடும்னு சொல்றாங்க, வயர் இல்லாம வழி கேக்குறாங்க, அப்புறம் வீடியோ கால் தொங்குதுன்னு ஃபோன் பண்றாங்க.

தூத்துக்குடி: இட்லி சூடு பண்ண மைக்ரோவேவ் போட்டா டிவில நெட் நிக்குது.

ரெண்டும் 2.4ல ஓடுது. டிவியை 5க்கு மாத்துங்க.

திண்டுக்கல்: ரவுட்டர் பீரோக்குள்ள வெச்சிருக்கோம், குழந்தை எடுத்துடும்னு.

மேல வெச்சதையே திட்டினேன். உள்ளயா.

திருச்சி, இரவு எட்டரை: செய்து பார்த்தேன். ஃபோன் திண்ணையில், ரவுட்டர் பூஜை அறைப் பக்கம். பழைய குச்சியில் ரவுட்டர் காட்டியது கழித்தல் 74. புதிய 9 டிபிஐ குச்சிகளில் கழித்தல் 70. மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று. காது கூடியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாடியில் மகள் அறையில் கழித்தல் 66 இருந்தது 75க்கு இறங்கிவிட்டது. ஆபீஸ் மீட்டிங் அறுந்துபோச்சு என்று மேலிருந்து கத்திக்கொண்டிருக்கிறாள்.

4 டெசிபல், கணக்குப்படி வந்திருக்கு சார். மகள் இருக்கிறது அப்பளத்துக்கு மேல. பழைய குச்சில ஒண்ணை எடுத்துத் திரும்ப மாட்டி, அதைப் படுக்க வைங்க. முதல்ல மேல போய் சமாதானம் சொல்லிட்டு வாங்க.