விமானம் தரை தொட்டதுமே எழுந்து நிற்பது அவ்வளவு பெரிய தவறா?

சீட் பெல்ட் விளக்கு அணைந்த பிறகு எழுந்தால் தவறே இல்லை. மூன்று மணி நேரம் மடக்கி வைத்த காலை நீட்ட யாருக்கும் தோன்றும். விமானம் இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே எழுவதுதான் ஆபத்து. குறுக்கே ஏதாவது வந்தால் விமானி சட்டென்று பிரேக் பிடிப்பார். நிற்பவர் விழுவார். அவர் திறந்த மேல்தட்டிலிருந்து பெட்டி, பேசாமல் உட்கார்ந்திருப்பவர் தலையில் விழும். அப்படி முந்தினாலும் கதவு திறக்கும்வரை நிற்கத்தான் வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, பெட்டி மீதுள்ள பற்று. 2016 ஆகஸ்டில் திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன எமிரேட்ஸ் விமானம் ஓடுபாதையில் மோதித் தீப்பிடித்தது. உள்ளே புகை சூழ்ந்த நேரத்திலும் சிலர் பெட்டியை எடுத்துக்கொண்டிருந்ததைக் காணொளியில் பார்த்தோம். உள்ளே இருந்த 300 பேரும் பிழைத்தது பெரும் பாக்கியம்.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் எரிந்தபோது, எட்டு வாசல்களில் மூன்றுதான் பயன்பட்டன. 379 பேரும் தப்பினார்கள். ஏறக்குறைய எல்லோருமே பெட்டியை விட்டுவிட்டு இறங்கினார்கள். பாதி வாசல்கள் அடைபட்டிருந்தாலும் 90 நொடியில் எல்லோரும் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் பெரிய விமானங்களுக்கு அனுமதியே. அந்தச் சோதனையில் யாரும் மேல்தட்டைத் திறப்பதில்லை.

சரி, அடுத்த விமானத்தைப் பிடிக்க உண்மையிலேயே அவசரமா? தரையிறங்கும் முன்பே பணியாளரிடம் சொல்லுங்கள். முன்னால் காலி இருக்கை இருந்தால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.