பதில்: திருகோணமலை உப்புவெளி நாற்சார் வீடு விற்பனை

நடு முற்றத்தைச் சுற்றி நாற்புறமும் கட்டிய உங்கள் நாற்சார் வீட்டைப் பார்க்க வருபவர்கள், முற்றத்தில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள், அண்ணா. அந்த முற்றம்தான் ஆட்களை இழுக்கிறது, பயமுறுத்துவதும் அதுதான். மாரியில் தண்ணீர் எங்கே போகும், ஓடு ஒழுகுமா என்று வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். எங்கள் மாமியின் வீட்டை விற்றபோது, மார்கழி மழை பீலியால் (கூரைத் தண்ணீரை வடிக்கும் தூம்பு) இறங்கி வாய்க்காலில் ஓடுவதை வீடியோ எடுத்துக் காட்டினோம். அதற்குப் பிறகுதான் பேச்சு விலைக்கு வந்தது.

ஒப்பிட வேறு விற்பனை இல்லாததால் வங்கி மதிப்பீடு குறையலாம், வாங்குபவருக்குக் கிடைக்கும் கடனும் குறையும். அதனால் கைக்காசு கொடுத்து வாங்கக்கூடிய ஒருவரைத் தேடுங்கள். ஆடி, ஆவணியில் கடலும் அமைதி, வெளிநாட்டு உறவுகளும் வருவார்கள். ஆனால் இரட்டைக் குடியுரிமை இருக்கிறதா என்று முதலே கேளுங்கள். இலங்கையின் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்குப் பொதுவாகக் காணியை அறுதியாக (முழு உரிமையோடு) எழுத முடியாது.