குறைந்த பட்ஜெட்டில் சரக்கு ஏற்ற எலக்ட்ரிக் வண்டி: எதைப் பார்த்து வாங்குவது?

"சின்ன வியாபாரம், கையில் எழுபதாயிரம் இருக்கிறது, பெட்ரோலுக்குக் கொடுத்து மாளவில்லை" என்று மட்டும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். எந்த ஊர், என்ன சரக்கு என்று சொல்லவில்லை. என்னைப் போல வீட்டில் எதையாவது செய்து கடை கடையாகப் போடுகிறவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மூன்று சக்கர லோடு ஆட்டோ வாங்கும் வசதி உள்ளவர்களுக்கு இந்தப் பதில் உதவாது.

நான் கன்னியாகுமரி மாவட்டம், தக்கலைப் பக்கம். நேந்திரங்காய் சிப்ஸ், அச்சு முறுக்கு, ஆர்டர் வந்தால் முந்திரிக்கொத்து. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது பாக்கெட் மூட்டைகள்தான், எடையே இருக்காது, இடத்தைத்தான் அடைக்கும். திரும்பும்போது சந்தையிலிருந்து ஏத்தங்குலையும் (நேந்திர வாழைக்குலை) எண்ணெய் டின்னும் வரும். அப்போதுதான் வண்டி முனகும். அதனால் நான் வண்டி பார்க்கப் போனது அந்தத் திரும்பி வரும் லோடை மனதில் வைத்துத்தான். நீங்களும் உங்கள் சரக்கிலேயே கனமானது எது, அதோடு ஏற வேண்டிய மோசமான ஏற்றம் எது என்று முதலில் பாருங்கள். ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை அப்புறம் கேட்கலாம்.

எங்கள் மாவட்டத்தில் இது ரொம்ப முக்கியம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் வயல்வெளி, ரோடு பெரும்பாலும் சமமாகப் போகும். கல்குளம், விளவங்கோடு பக்கம் வந்தால் ஒரு இறக்கம் முடியும் முன்பே அடுத்த ஏற்றம் தொடங்கிவிடும். நாகர்கோவிலில் ஓட்டுகிறவர் "சூப்பர் வண்டி" என்று மனசாரச் சொல்வதைக் கேட்டு ஏற்ற இறக்கப் பக்கத்துத் திருவட்டார்க்காரர் வாங்கினால் சரிப்படாது.

விலை குறைவு என்று எல்லோரும் முதலில் போய் நிற்பது பதிவும் லைசென்ஸும் வேண்டாத வண்டியிடம்தான். அதற்குச் சட்டம் வைத்திருக்கும் நிபந்தனைகள் இவை: மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமல். இப்போது கணக்குப் போடுங்கள். பேட்டரியோடு வண்டி 80 கிலோ, ஆள் 60, சரக்கு 60, ஆக மொத்தம் 200 கிலோ. இருபது அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறவே சக்கரத்துக்கு சுமார் 270 வாட் வேண்டும். மகன் தன் பிளஸ் டூ இயற்பியலை வைத்துப் போட்டுக் கொடுத்த கணக்கு இது. எங்கள் பக்கத்தில் இதைவிடச் செங்குத்தான ஏற்றமெல்லாம் உண்டு. மோட்டார் கொஞ்ச நேரம் தன் அளவுக்கு மேலேயும் இழுக்கும். சூடேறியதும், மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் கன்ட்ரோலர் பவரைக் குறைத்துவிடும், வண்டி தவழும்.

கணக்கு கையில் இருந்தும் கண்ணால் பார்த்துவிடுவோம் என்று, இரண்டு 26 கிலோ அரிசி மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒரு ஷோரூமுக்குப் போனேன். அங்கிருந்த பையன், "எக்கா, இது லேடீஸுக்குன்னே உள்ள வண்டி, சும்மா பறக்கும். 80 கிலோமீட்டர் ஓடும்" என்றான்.

"காலி வண்டிக்கா தம்பி, லோடு வண்டிக்கா?"

"எக்கா, மூட்டை வச்சா சீட்டு அழுக்காவும்."

"அழுக்கானா நான் தொடச்சுத் தாறேன். நீ ஏறு."

மூட்டை ஒன்றைக் கால் வைக்கும் இடத்தில் வைத்தேன், இன்னொன்றைப் பின்னால் கட்டினேன். பக்கத்து ஏற்றத்துக்கு அவனையே ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே நடந்தேன். தொடக்கத்தில் என்னை விட்டு வேகமாகத்தான் போனான். பாதி ஏற்றத்தில் நான் அவன் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தேன். அதற்கு மேல் இரண்டு காலையும் தரையில் ஊன்றி உந்தி உந்திப் போனான், மோட்டார் ஒரு மாதிரி அழுதது. சாயாக்கடை வாசலில் நின்றவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. பையன் பாவம், நல்ல பிள்ளை, அவனைக் குறை சொல்லவில்லை. திரும்பி வந்ததும் "வேகத்தை 40 வரைக்கும் தெறந்து விட்டுத் தாறோம் எக்கா" என்றான். அப்படித் திறந்துவிட்டால் அது சட்டப்படி மோட்டார் வாகனம். பதிவு இருக்காது, இன்சூரன்ஸ் இருக்காது. நாளைக்கு ஒருத்தர் மேல் இடித்துவிட்டால் வீட்டை விற்றுத்தான் கொடுக்க வேண்டும். எந்தக் கடையில் இதைச் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியில் நான் எடுத்தது பதிவு உள்ள, பெரிய மோட்டார் வைத்த லோடு ஸ்கூட்டர். அதே மூட்டைகளோடு அதே ஏற்றத்தில் அதையும் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுத்தேன். விலை லட்சத்தைத் தாண்டியது. மீதிக்கு மகளிர் குழுவில் கடன். "எழுபதாயிரத்துக்கு வழி கேட்டால் லட்சத்துக்கு வழி சொல்கிறாயே" என்று யாராவது வருவீர்கள், தெரியும். உங்கள் வழி சமதளம், சரக்கும் லேசு என்றால் 25 கிலோமீட்டர் வண்டியே போதும், மிச்சக் காசை லித்தியம் பேட்டரியில் போடுங்கள். ஏற்றம் இருந்தால் எழுபதாயிரத்தை முன்பணமாக வைத்துக்கொண்டு கடனுக்குப் பாருங்கள். கடனே வேண்டாம் என்றால் பழைய டிவிஎஸ் எக்ஸெல் ஒன்றை வாங்கி ஓட்டுங்கள், அதில் ஒரு கேவலமும் இல்லை. எக்ஸெல்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம் என்பதற்காகவும் சொல்கிறேன்.

பேட்டரியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். விலை குறைந்த வண்டிகளில் ஈய பேட்டரி வரும். நாலு பெட்டி சேர்ந்தால் கிட்டத்தட்ட முப்பது கிலோ, அந்த எடையையும் நீங்கள்தான் ஏற்றத்தில் இழுக்க வேண்டும். இறங்கிய சார்ஜோடு இரண்டு மூன்று நாள் போட்டு வைத்தால் உள்ளே தகட்டில் சல்பேட் படிந்து சீக்கிரம் செத்துப்போகும். லித்தியம் எடை பாதிக்கும் குறைவு, கூடுதல் காலம் வரும். அதற்கு அதனுடைய சார்ஜர்தான், பழைய ஈய பேட்டரி சார்ஜரைக் குத்தக் கூடாது. பதிவு வண்டி என்றால் ஏஐஎஸ் 156 சான்று உள்ள பேட்டரியா என்று கேளுங்கள், மின் வண்டி பேட்டரிகளுக்கான பாதுகாப்பு விதி அது, 2022-இல் வண்டிகள் தீப்பிடித்த கதைகளுக்குப் பிறகு கடுமையாக்கினார்கள். ஓட்டி வந்த சூட்டோடு உடனே சார்ஜ் போடாதீர்கள். என் வீட்டில் அடுப்பும் எண்ணெய்ச் சட்டியும் ஒரு பக்கம், வண்டி சார்ஜ் ஏறுவது எதிர்ப்பக்கத்து ஓட்டுச் சாய்ப்பில். இதில் மட்டும் வீட்டில் யார் பேச்சையும் கேட்பதில்லை.

செலவு என்று பார்த்தால், லோடோடு ஐம்பது கிலோமீட்டர் ஓட எனக்கு இரண்டு யூனிட் பக்கம் கரண்ட் ஆகிறது. யூனிட் ஆறு ரூபாய் என்றே வைத்தாலும் பன்னிரண்டு ரூபாய். பெட்ரோலில் அதே தூரம் நூறு ரூபாயை விழுங்கும். ஆனால் பேட்டரி மாற்றும் காலம் ஒன்று வரும், அதற்கென்று மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வைக்காமல் இந்தக் கணக்கைச் சொல்லிக்கொண்டு திரிவதில் அர்த்தமில்லை.

ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் எதிர்காற்றில் பேட்டரி வேகமாக இறங்கும், பின்னால் உயரமாகப் பெட்டி வைத்திருந்தால் வண்டியே ஆடும். குளச்சல், முட்டம் பக்கம் மீன் ஏற்றுகிறவர் என்றால் உப்புக் காற்று கனெக்டரைத் தின்றுவிடும், அடிக்கடி திறந்து பாருங்கள்.

மிச்சமான பெட்ரோல் காசு எங்கே போகிறது என்று கேட்டால், நான் சரக்குப் போடும் சாயாக்கடைகளில் பாக்கியாக நிற்கிறது. போன மாதச் சரக்குக்கு இந்த மாதம் பாதி தருவார்கள். விற்காத பாக்கெட்டை வெயிலில் தொங்கவிட்டு, காறல் அடித்த பிறகு "எக்கா, ரிட்டன்" என்று நீட்டுவார்கள். பெரிய கம்பெனி சிப்ஸ்காரனுக்கு மட்டும் எண்ணி வைக்கிறார்கள், நாம் என்றால் அக்கா தங்கச்சி உறவு வந்துவிடுகிறது. இதை யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் எழுத வேண்டும் போல இருந்தது.

சரி, மறந்துவிடும் முன் ஒன்று. மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் வண்டியில் டியூப் டயர் என்றால் பஞ்சர் கடையில் கை வைக்கத் தயங்குகிறார்கள். ஒயரைக் கழற்றி மாட்ட வேண்டுமே என்ற பயம். டியூப்லெஸ் என்றால் சக்கரத்தைக் கழற்றாமலே ஒட்டிவிடலாம். வாங்கும் முன் உங்கள் தெருமுனை பஞ்சர் கடைக்காரரிடம் வண்டியை ஒருமுறை காட்டிவிடுங்கள்.