எம்.எஸ். டேட்டா சயின்ஸ் படிக்க வரும் தம்பிக்கு

தம்பி, ஆகஸ்டில் எம்.எஸ். டேட்டா சயின்ஸ் படிக்க அமெரிக்கா கிளம்புகிறேன், பைதானில் கோடிங் நன்றாக வரும், அதற்குள் இன்னும் எந்தெந்த டூல் கற்றுக்கொள்ளட்டும் என்று கேட்டிருந்தீர்கள். புதிதாக எதுவும் வேண்டாம் என்பேன். பைதானும், டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்க உதவும் எஸ்.க்யூ.எல்.லும் கைவசம் இருந்தால் மீதியை இங்கே வந்து பிடித்துவிடலாம். இதே படிப்பை இங்கே முடித்து இதே வேலையில் பல வருஷமாக இருக்கிறேன், நம் பிள்ளைகள் கோடிங்கில் திணறிப் பார்த்தது குறைவு. ஒரு டேட்டாவைக் கையில் கொடுத்து, இதை வைத்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று பேராசிரியர் கேட்பார் பாருங்கள், அங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

ஒரு உதாரணம். 1973-ல் பெர்க்லி பல்கலைக்கழக மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் 35. பெண்களை ஒதுக்கிவிட்டார்கள் என்றுதானே தோன்றும்? துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலான துறைகளில் அப்படி எதுவும் இல்லை, துறை வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் பெண்கள் பக்கமே லேசாகச் சாய்ந்திருந்தது. பெண்கள் அதிகம் விண்ணப்பித்தவை யாருக்குமே இடம் கிடைப்பது கஷ்டமான துறைகள். 1975-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு இது. கோடிங்கில் எழுதினால் இரண்டு மூன்று வரிதான், எதை வைத்துப் பிரிப்பது என்று தோன்ற வேண்டுமே, அதுதான் படிப்பு. சரி, பெண்கள் ஏன் அந்தத் துறைகளுக்குப் போனார்கள்? அந்த அட்டவணையில் அதற்குப் பதில் கிடையாது, அதையும் எடுத்துச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இன்டர்வியூவில் மரியாதை.

அதனால் இப்போது நிகழ்தகவையும் லீனியர் ஆல்ஜீப்ராவையும் தூசி தட்டி வையுங்கள். வந்தபிறகு ஆஃபீஸ் அவர்ஸுக்கு, அதாவது மாணவர்களின் சந்தேகங்களுக்கென்று பேராசிரியர் ஒதுக்கும் நேரத்துக்கு, தவறாமல் போங்கள், அரைகுறையாகப் புரிந்ததையும் கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். நண்பர் எழுதிய கோடிங்கை வாங்கி அசைன்மென்ட்டில் வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், ஊரில் ரெகார்ட் நோட்டைப் பார்த்து எழுதிய பழக்கத்தில் இங்கே செய்தால் படிப்பே போய்விடலாம்.

அப்புறம் வேலை விஷயம். படித்து முடித்ததும் இங்கே வேலை பார்க்க ஓ.பி.டி. என்ற அனுமதி 12 மாதம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டமாக இருந்தால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். அனலிடிக்ஸ் என்று பெயர் இருந்தாலே ஸ்டெம் என்று நம்பிவிடாதீர்கள், பல்கலைக்கழகம் உங்களுக்குத் தரும் ஐ-20 படிவத்தில் இருக்கும் சி.ஐ.பி. எண், அதாவது படிப்பின் வகையைக் குறிக்கும் எண், அமெரிக்க அரசின் ஸ்டெம் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், சந்தேகமாக இருந்தால் டிக்கெட் போடுவதற்கு முன்பே பல்கலைக்கழகத்துக்கு மெயில் அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.