ரிட்டன் கேஸ் இன்டர்வியூவுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கிறேன். ஒரு கன்சல்டிங் நிறுவனத்தில் வாய்மொழி கேஸ் சுற்று முடிந்தது. அடுத்தது ரிட்டன் கேஸ் (written case), அதாவது ஒரு வியாபாரச் சிக்கலைப் படித்து எழுத்தில் தீர்வு தரும் சுற்று என்கிறார்கள். மூன்று வாரம் இருக்கிறது. கோச்சிங் சேர வேண்டுமா, தனியாகவே தயாராகலாமா?

பதில்:

தனியாகவே தயாராகலாம், மூன்று வாரம் போதும். ஆனால் வாய்மொழி கேஸில் பழகியதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் திணறிப்போவீர்கள். அங்கே தகவல் உங்கள் கையில் இருக்காது, கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும். இங்கே எல்லாத் தகவலையும் மேசையில் கொட்டிவிடுவார்கள், அதில் பெரும்பகுதி உங்களுக்குத் தேவைப்படாது. எதைப் படிக்காமல் விடுவது என்று துணிந்து முடிவெடுப்பதில்தான் இந்தச் சுற்றே இருக்கிறது. நானும் இங்கே இதே துறையில் இருப்பவன். நண்பர்கள் இதற்குப் பயிற்சி எடுக்கும்போது கூடவே உட்கார்ந்திருக்கிறேன். கெட்டிக்காரர்கள் கூட நேரம் போதாமல் தவிப்பது இந்த இடத்தில்தான்.

பொதுவான வடிவம் இது: 20 முதல் 40 பக்கம் வரை ஒரு கட்டு தருவார்கள். அட்டவணை, வரைபடம், செய்தித் துணுக்கு, வாடிக்கையாளர் பேட்டிக் குறிப்பு என்று எல்லாம் கலந்திருக்கும். ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் படித்து, கணக்குப் போட்டு, சில ஸ்லைடுகள் எழுத வேண்டும். அதன் பிறகு அரை மணி நேரமோ கொஞ்சம் கூடுதலாகவோ அதைப் பற்றிப் பேச்சு நடக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம், அலுவலகத்துக்கு அலுவலகம் இது மாறும். அதனால் நேரம் எவ்வளவு, காகிதமா மடிக்கணினியா, கால்குலேட்டர் உண்டா, எத்தனை ஸ்லைடு என்று எச்ஆருக்கு இன்றே ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. கால்குலேட்டர் கிடையாது என்றால் உங்கள் மூன்று வாரத் திட்டமே மாறும்.

எதை விடுவது என்று எப்படித் தெரியும்? ஒரு கணக்கோடு சொல்கிறேன், இது நானே பழகுவதற்காக உருவாக்கிய கேஸ். பெங்களூரில் ஒரு தர்ஷினி (நின்றபடியே சாப்பிடும் சிற்றுண்டிக் கடை) உணவகச் சங்கிலி. முதலாளி கையில் 1.2 கோடி ரூபாய். இன்னொரு கடை திறப்பதா, டெலிவரிக்கு மட்டுமான கிளவுட் கிச்சன்கள் போடுவதா என்று கேட்கிறார்.

கடையில் ஒரு நாளைக்கு 1,200 பில், சராசரி 80 ரூபாய். மாதம் 28.8 லட்சம் விற்பனை. சாப்பாட்டுச் செலவு 35%, வாடகை 4 லட்சம், சம்பளம் 6 லட்சம் போக 8.72 லட்சம் மிஞ்சும். போட்ட 1.2 கோடி சுமார் 14 மாதத்தில் திரும்பும். கிச்சனில் 300 ஆர்டர், சராசரி 220 ரூபாய், மாதம் 19.8 லட்சம் விற்பனை. சாப்பாடு 35%, செயலி கமிஷன் 25%, ஆர்டருக்கு 15 ரூபாய் பேக்கிங், வாடகை 1 லட்சம், சம்பளம் 3 லட்சம் போக 2.57 லட்சம்தான் மிஞ்சும். ஆனால் முதலீடு 25 லட்சம் மட்டுமே, 10 மாதத்தில் திரும்பிவிடும். கையில் இருக்கும் பணத்தில் நான்கு கிச்சன் போட்டால் மாதம் 10 லட்சத்துக்கு மேல் வரும், 20 லட்சம் மிச்சமும் இருக்கும். கிச்சனே மேல் என்று எழுதத் தோன்றும்.

இப்போது 23ஆம் பக்கத்தில், ஒரு கிளை மேலாளரின் பேட்டியில் ஒரே ஒரு வரி: "டெலிவரியில் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே நம் கடைக்கு வந்துகொண்டிருந்தவர்கள்." அப்படியானால் 150 ஆர்டர்தான் புதுசு. ஓர் ஆர்டரில் சாப்பாடு, கமிஷன், பேக்கிங் போக நிற்பது 73 ரூபாய். மாதத்துக்கு 3.28 லட்சம் ஆகிறது. வாடகையும் சம்பளமும் சேர்ந்து 4 லட்சம். ஆக, நஷ்டம். மற்ற 150 ஆர்டரில் நிற்பது, பழைய கடைகள் இழக்கும் வியாபாரத்துக்கே ஈடாகிவிடும் என்று வைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கட்டில் உணவுத் துறையின் ஐந்தாண்டு வளர்ச்சி பற்றி ஆறு பக்கம் இருக்கும், போட்டியாளர்களின் மெனு பற்றி நான்கு பக்கம் இருக்கும். அவை முடிவைத் தொடவே இல்லை. முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிப்பவருக்கு 23ஆம் பக்கம் வரும்போது நேரம் தீர்ந்திருக்கும். அதனால் கேள்வியைப் படித்ததும், "இதற்கு ஆம் என்று சொல்ல எந்த மூன்று நான்கு விஷயம் உண்மையாக இருக்க வேண்டும்?" என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். இந்தக் கேஸில் ஒரு யூனிட்டின் (கடை அல்லது கிச்சன்) லாபம், முதலீடு திரும்பும் காலம், பழைய கடைகள் மீதான பாதிப்பு. அப்புறம் அந்த மூன்றுக்கும் தீனி போடும் பக்கங்களை மட்டும் தேடிப் போங்கள். பேட்டிக் குறிப்புகளைச் சும்மாவாவது ஒரு தடவை கண்ணோட்டாமல் இருக்காதீர்கள். அட்டவணையை எல்லோரும் பார்ப்பார்கள், முடிவைப் புரட்டிப் போடும் வரியைப் பெரும்பாலும் பேட்டிக்குள்தான் ஒளித்து வைப்பார்கள்.

இரண்டு மணி நேரம் கொடுத்தால் நான் சொல்லும் பங்கீடு: கேள்விக்கும் புரட்டிப் பார்ப்பதற்கும் முதல் கால் மணி நேரம். ஸ்லைடுத் தலைப்புகளை ஊகமாக எழுதிவைக்க பத்து நிமிடம். தேடிப் படிக்கவும் கணக்குக்கும் 45 நிமிடம். மீதியெல்லாம் எழுத்துக்கும் சரிபார்ப்புக்கும். எழுதத் தொடங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் குறித்துவைத்து, அந்த நேரம் வந்ததும் படிப்பதை நிறுத்திவிடுங்கள். பாதி எழுதிய ஸ்லைடை வைத்துக்கொண்டு யாராலும் பேச முடியாது.

தலைப்பு முழு வாக்கியமாக இருக்கட்டும். "லாப ஒப்பீடு" என்று எழுதினால் பார்ப்பவர் தானே முடிவைத் தேட வேண்டும். "நம் கடை உள்ள பகுதியில் கிச்சன் போட்டால் நஷ்டம், கடை இல்லாத பகுதியில் 10 மாதத்தில் முதலீடு திரும்பும்" என்று எழுதினால் விடை அங்கேயே இருக்கிறது. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சின்னதாகக் குறியுங்கள், பேச்சில் கட்டாயம் கேட்பார்கள்.

எண்களில் இந்தியர்களுக்கென்றே ஒரு பள்ளம் உண்டு. ஒரு அட்டவணை கோடியில் இருக்கும், அடுத்தது மில்லியனில் இருக்கும். 10 லட்சம் ஒரு மில்லியன், 100 கோடி ஒரு பில்லியன். இது யோசிக்காமல் வர வேண்டும். ஒன்று ஏப்ரல் முதல் மார்ச் வரையான நிதியாண்டு, மற்றது காலண்டர் ஆண்டு என்றும் இருக்கும். லாப விகிதம் 10 சதவீதத்திலிருந்து 12க்குப் போனால் அது 2 சதவீதப் புள்ளி உயர்வு, 20 சதவீத வளர்ச்சி. இதைக் குழப்பி எழுதினால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

பழகுவதற்குத் தாள் எங்கே கிடைக்கும் என்பதுதான் எல்லோருக்கும் கவலை. எம்பிஏ கல்லூரி மாணவர் மன்றங்கள் தொகுக்கும் கேஸ் புத்தகங்கள் பெரும்பாலும் வாய்மொழிக்கானவை. நான் சொல்வது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் (SEBI) தளத்தை. பங்குச் சந்தைக்கு வரும் நிறுவனங்கள் தாக்கல் செய்யும் ஆவணங்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கும். நம்ம ஊர் நிறுவனங்களான ஸ்விக்கி 2024இலும் ஏத்தர் எனர்ஜி 2025இலும் பட்டியலானபோது தாக்கல் செய்தவற்றை எடுங்கள். நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும். துறை பற்றிய அத்தியாயம், ஆபத்துகள், நிதி நிலை பற்றிய நிர்வாகத்தின் விளக்கம், இவற்றிலிருந்து 30 பக்கத்தை ஒரு நண்பரை விட்டுப் பொறுக்கச் சொல்லி, கேள்வியையும் அவரையே எழுதச் சொல்லுங்கள். "அடுத்த இரண்டு ஆண்டு இந்த நிறுவனம் எந்த ஊரில் பணம் போட வேண்டும்?" போல ஒன்று. நீங்களே பொறுக்கினால் எது எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்துவிடும், பயிற்சியே வீண். வாரத்துக்கு இரண்டு முறை முழு நேரமும் போட்டுச் செய்யுங்கள். அறையில் தொந்தரவு என்றால் கப்பன் பார்க்கில் இருக்கும் மாநில மத்திய நூலகத்துக்குக் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதப் பயப்படுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். உங்களுக்கு அப்படி இருந்தால் மனம் தளர வேண்டாம். ஸ்லைடுக்கு அலங்கார ஆங்கிலம் தேவையே இல்லை. யார், என்ன செய்ய வேண்டும், எவ்வளவு கிடைக்கும், அவ்வளவுதான். தமிழிலேயே யோசியுங்கள். முடிவை முதலில் வீட்டில் யாரிடமாவது தமிழில் சொல்லிப் பாருங்கள். துறை தெரியாத அக்காவோ அப்பாவோ "ஏன்?" என்று எங்கே கேட்கிறார்களோ, அங்கேதான் உங்கள் வாதத்தில் ஓட்டை.

கடைசியாக, பேச்சுப் பகுதி. இதற்குத்தான் யாரும் பழகுவதில்லை, எனக்கு ரொம்ப வருத்தம் தருவதும் இதுதான். எழுதியதை ஒப்பிக்காதீர்கள், அவர்களே படித்துக்கொள்வார்கள். எண்ணை மாற்றிக் கேட்பார்கள்: "கமிஷனை 18 சதவீதமாகக் குறைத்தால்?" ஓர் ஆர்டரில் நிற்பது 88.4 ரூபாயாகும், 150 புது ஆர்டருக்கு மாதம் 3.98 லட்சம், கிட்டத்தட்ட சமன். "25 சதவீதத்திலேயே எத்தனை புது ஆர்டர் வந்தால் தப்பிக்கலாம்?" 183. இந்த இரண்டையும் நீங்களே முன்கூட்டிப் போட்டு ஓரத்தில் எழுதி வைத்திருந்தால், நம் கடை இல்லாத பகுதியில் முதலில் ஒரே ஒரு கிச்சன் போட்டு, தினம் 183 புது ஆர்டரைத் தாண்டுகிறதா என்று ஆறு மாதம் பார்த்த பிறகு அடுத்ததைத் திறக்கலாம் என்று நிதானமாகப் பரிந்துரைக்கலாம்.

கோச்சிங்குக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடியுங்கள். முதல் பயிற்சி முடிந்ததும் எழுதிய ஸ்லைடுகளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.