கிராணி வீட்டைத் தேடி வருகிறவர்களுக்கு

கேள்வி: மர்ம நாவல் தொடர் ஒன்றுக்குக் களமான சின்ன ஊரை நேரில் போய்ப் பார்ப்பதில் பயன் உண்டா?

கதையைப் படித்துவிட்டு, ஒரு நாள் லீவில் போய்ப் பார்த்தால் என்ன என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. தாராளமாகப் போங்கள். நான் அப்படிப் போனவனல்ல, அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்தவன். அதனால்தான் இந்தப் பதில்.

எங்கள் ஊர் மலேசியாவில் இருக்கிற சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து வடக்கே காரில் அரை மணி நேரம். எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்த ஒருவர் 1980களில் தமிழ்ப் பேப்பரின் ஞாயிறு பதிப்பில் துப்பறியும் தொடர்கள் எழுதினார். ஊர்ப் பெயரை மாற்றியிருந்தார். ஆனாலும் ஸ்டோர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, கோயில் அரசமரம் எல்லாம் அப்படியே இருக்கும். மூன்றாவது கதையில் கொலைகாரன் தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கர். ராத்திரியில் கையில் மண்ணெண்ணெய் விளக்கு, தோளில் பையோடு லயத்துப் பின்பக்கம் நடப்பான். விரலில் ஒரு கறை இருக்கும். அந்தக் கறைதான் கடைசியில் அவனைக் காட்டிக் கொடுக்கும்.

அந்த விளக்கும் பையும் கறையும் என் அப்பாவுடையவை.

சில வருஷங்களுக்கு முன் தீபாவளிக்கு நான் வீட்டில் இருந்தபோது ஜொகூரிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். கையில் பழுப்பேறிய புத்தகம். "அங்கிள், கொலைகாரக் கிராணி வீடு இதுதானே, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்கள். அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எனக்கு உடம்பெல்லாம் பதறியது. அம்மா வெளியே வந்து, "உள்ள வந்து உக்காருங்கய்யா" என்று முறுக்கும் மைலோவும் கொடுத்தார். அப்புறம் சொன்னார்: "அது ரத்தமில்லய்யா. கைநாட்டு வைக்கிற மை."

நடந்தது இதுதான். 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் எடுத்தால்தான் வேலை என்று ஆனது. நாற்பது வருஷம் பால் வெட்டியவர்களிடம்கூட குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசிதான் (அடையாள அட்டை) இருந்தது. பலரிடம் பிறப்புப் பத்திரமே இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பியது அப்போதுதான். அப்பா பகலில் ஆபீஸ் வேலையை முடித்துவிட்டு, ராத்திரியில் வீடு வீடாகப் போய் ஃபாரம் நிரப்பினார். லயத்தில் அன்றைக்கு கரண்ட் கிடையாது, அதனால் விளக்கு. பைக்குள் ஃபாரங்களும் மைப்பெட்டியும். விடிகாலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகிறவர்கள் சீக்கிரம் படுத்துவிடுவார்கள் என்பதால் அவசர அவசரமாக நடப்பார். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி வைத்துப் பதிப்பார். அந்த ஊதா நிறம் அவர் விரலிலிருந்து மாதக்கணக்கில் போகவில்லை. இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்த ஒரு சின்னப் பையன்தான் பிற்காலத்தில் அந்தக் கதையை எழுதினார்.

"கற்பனைக்குக்கூட உரிமை இல்லையா" என்று யாராவது கேட்பீர்கள், தெரியும். உரிமை இருக்கிறது. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. எங்கள் தோட்டத்தை அத்தனை துல்லியமாக வேறு யாரும் எழுதி நான் படித்ததில்லை. அப்பா உயிரோடு இருந்தவரை அந்தப் புத்தகத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார், அவ்வளவுதான்.

எனக்கு ஆத்திரம் வருவது வேறு விஷயத்தில். அந்தத் தொடர் வந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் பட்டணத்துக் கடையில் தமிழ்ப் பேப்பர் தீர்ந்துவிடும். வாங்கியவர் படித்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார். இப்போது அதே கடையில் ஒரு தமிழ் நாவல்கூடக் கிடையாது, சிம் கார்டு விற்கிறார்கள். கேட்டால் வாங்க ஆளில்லை என்கிறார்கள். வைத்தால்தானே வாங்குவதற்கு!

சரி, வருகிறீர்கள் என்றால் நிஜமாகவே நடந்த ஒன்றையும் தெரிந்துகொண்டு வாருங்கள். 1948 ஜூன் 16 காலையில் இங்கே எல்ஃபில் தோட்டத்து ஆபீசில் ஆர்தர் வாக்கர் என்ற துரையைச் சுட்டுக் கொன்றார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தோட்டமொன்றில் இன்னும் இரண்டு பேர். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராகப் பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. மூவரின் கல்லறையும் பத்து காஜா என்ற ஊரில் பேரோடு இருக்கிறது. அப்பா நிரப்பிய ஃபாரங்களில் இருந்த பெயர்களுக்கு அப்படி ஒரு கல்லும் இல்லை. லயத்தை இடித்து செம்பனை நட்டுவிட்டார்கள். அந்தக் கோயில் மட்டும் இருக்கிறது.

அம்மாவுக்கு இப்போது 84 வயது. மத்தியானம் தூங்குவார், நாலு மணிக்கு மேல் வாருங்கள். வெளியிலிருந்து போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடாமல், உள்ளே வந்து அவரிடம் கேளுங்கள். யார் யாருக்கு ஐசி கிடைத்தது, யார் கப்பலேறினார்கள் என்று வீட்டு வரிசைப்படி சொல்வார்.