ஆள் மாறினால் மாடு ஏன் பாலை அடக்குகிறது?

"அம்மா ஊருக்குப் போனால் நான்தான் கறக்கிறேன், பாதிப் பால்கூட வரவில்லை, மாட்டுக்குத் திமிரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். திமிர் இல்லை, பயம்.

மடியில் இருக்கும் பாலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் காம்புக்கு மேலே உள்ள அறையில் தயாராக நிற்கும். மிச்சமெல்லாம் உள்ளே நுண்ணறைகளில். கன்று முட்டினாலோ, பழகிய கை மடியைக் கழுவித் தடவினாலோ மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலந்து, ஒரு நிமிடம் போல ஆனதும் அந்த நுண்ணறைகளைப் பிழிந்துவிடும், காம்பு விம்முவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மாடு மிரண்டால் அந்தச் சுரப்பு தடைபடும், கூடவே பயத்தில் சுரக்கும் அட்ரினலின் ஏறி, வந்த கொஞ்ச ஆக்ஸிடோசினையும் மடியில் வேலை செய்ய விடாது. அதட்டினால், அடித்தால் இன்னும் மோசம்.

அம்மா இருக்கும்போதே கூட நில்லுங்கள், தவிடு நீங்கள் வையுங்கள், கழுத்தைச் சொறிந்து கொடுங்கள். மடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, காம்பு விம்மியதும் தாமதிக்காமல் கறங்கள், சுரப்பின் வேகம் சில நிமிடங்கள்தான். அப்புறம், பால் இறங்க யாராவது ஆக்ஸிடோசின் ஊசி போடச் சொன்னால் கேட்காதீர்கள். பால் தினமும் தேங்கினால் மடிநோய் வரலாம், அதனால் நாலைந்து நாளில் சரியாகாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.